கடல் பார்க்கும் பக்கம்

செபமாலை வழக்கம்போல பைக்கை அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தார். சீட்டுக்குக் கீழே மூடியிருக்கும் இடது பக்க சைடு பேனல் படக்கென்று கையோடு வந்துவிட்டது.

கொக்கி கழன்றிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தார். இருந்த இடத்தில் வைத்து அழுத்தினார். நிற்கவில்லை. திருப்பிப் பார்த்தார். வண்டியோடு பேனலைப் பிடித்து நிறுத்தும் குமிழ்கள் மூன்றும் அடியோடு முறிந்து, வண்டியில் உள்ள ரப்பர் வளையங்களுக்குள்ளேயே தங்கிவிட்டிருந்தன. மறுபக்கம் போய் வலது பேனலை ஒரு விரலால் மட்டும் தொட்டார். ஆடிற்று. இன்னும் கொஞ்சம் தொட்டிருந்தால் அதுவும் விழுந்திருக்கும். துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, கொட்டகை நிழலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

வண்டி அவருடையது இல்லை, ஒரே மகன் செம்மலுடையது. ஜெகதாப்பட்டினத்தில் விசைப்படகு ஓட்டுகிற டிரைவர் அவன். தொலைதூரம் போவதற்கென்றே செய்த பைக், அகலமான சீட்டும் பின்னால் இரண்டு பக்கமும் பெட்டிகளுமாக. திருச்சியில் ஒருவரிடம் பழையதாக வாங்கினான். "கரை தெரியாத எடத்துலதான் நம்ம பொழப்பு. லீவு கெடச்சா கடல் தெரியாத ஊராப் பாத்துப் போயிரணும்ப்பா" என்பான். கல்யாணமான புதிதில் இனியாவைப் பின்னால் உட்காரவைத்து வால்பாறை வரை போய்வந்தான்.

இப்போது அவன் அக்கரைச் சிறையில் இருக்கிறான். எல்லை தாண்டினான் என்று அந்த நாட்டுக் கடற்படை படகையும் பிடித்து, அவனையும் கூட இருந்த மூன்று பேரையும் கொண்டுபோய்விட்டது. ஒரே ஒரு முறை போனில் பேச விட்டார்கள். இனியாவிடம் பேசிவிட்டு, அப்பாவிடம் கொடுக்கச் சொல்லி ஒன்றே ஒன்றுதான் சொன்னான்: "வண்டிய மட்டும் பாத்துக்கங்கப்பா. உப்புக் காத்து தின்னுற விட்டுறாதீங்க."

கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்க ஆட்கள் இருந்தார்கள். மறியலுக்குச் சங்கம் இருந்தது. வழக்கைப் பார்க்க வக்கீல் இருந்தார். கோவிலில் மெழுகுவத்தி ஏற்றி முழந்தாளிட்டு எழுந்தால், பிறகு அந்த நாள் முழுக்கச் செபமாலையின் கைக்கு வேலை இல்லை. மகன் கொடுத்துவிட்டுப் போன வேலை இது ஒன்றுதான். அதைத்தான் அவர் பழுதில்லாமல் செய்துவந்தார், தினமும், கொஞ்சமும் சலிக்காமல்.

இனியா ஐஸ் பிளாண்டில் வேலை முடிந்து வந்தவள், மாமனார் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்துப் பயந்துபோனாள்.

"என்ன மாமா? போன் ஏதும் வந்துச்சா?"

"போன் இல்ல ஆத்தா. இங்க பாரு." பேனலை நீட்டினார்.

வாங்கி அவள் முகர்ந்து பார்த்தாள். "எதைப் போட்டுத் தொடைச்சீங்க?"

"டீசல்தான். கொஞ்சம் மீன் எண்ணெயும் கலந்து. படகு இஞ்சினுக்கு அதானே போடுவோம்? உப்பு அண்டாதுல்ல?"

"அதான் தெருப் பூனை பூரா நம்ம கொட்டகையிலயே கெடக்கா? அவுக வண்டி மேல அதுகளுக்கு அம்புட்டுப் பாசம்னுல நெனச்சேன்!"

சிரித்தாள். அவள் சிரித்து அந்த வீட்டில் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது. செபமாலைக்கும் உதடு கொஞ்சம் இழுபட்டது. பிறகு அவள் முகம் மாறிவிட்டது.

"இது பிளாஸ்டிக்கு மாமா. டீசல் பட்டா உளுத்துப்போகும். போகட்டும், விடுங்க. வர்ற வெள்ளிக்கெழமை கோர்ட்டு. அவுக வர்றதுக்குள்ள புதுசு மாட்டிரணும்."

வருவான் என்றுதான் தெருவே நம்பியது. முன்பு பிடித்துப்போனவர்களை எச்சரித்து விட்டுவிட்டார்கள். இவர்களையும் விடுவார்கள். அந்த நம்பிக்கையில்தான் செபமாலைக்கு இந்தப் பதற்றமும். மகன் வந்து இறங்கி நேரே கொட்டகைக்குத்தான் போவான். அப்போது வண்டி முழுசாக நிற்க வேண்டும்.

செம்மல் வழக்கமாக வண்டி காட்டுவது கீரமங்கலத்தில் நிலவழகன் என்கிற மெக்கானிக்கிடம். இனியா அவருக்குப் போன் செய்தாள். அந்தப் பழைய மாடலுக்கு இப்போது பேனல் வருவதில்லையாம். அதே பெயரில் பின்னால் வந்த புது மாடலுடையதுதான் கம்பெனியில் கிடைக்கும். உட்காருமா என்று கேட்டாள். "உக்கார வச்சுப் பாப்போம்ங்க, அண்ணன் வண்டியில்ல?" என்றார் அவர்.

வெள்ளிக்கிழமை காலை மீன் ஏற்றுகிற லோடு வண்டி ஒன்றில் பைக்கைக் கயிறு போட்டுக் கட்டி, பக்கத்தில் செபமாலையும் ஏறிக்கொண்டார். இனியா சங்க ஆபீசுக்குப் போனாள். வக்கீலின் போன் அங்கேதான் வரும்.

கீரமங்கலத்தில் பட்டறை வாசலில் நிலவழகன் பைக்கை இறக்கிவிட்டு, மூக்கைச் சுளித்தார். "என்னங்கய்யா, வண்டியில நெத்திலி வறுத்தீங்களா?"

"நல்லதுன்னு செஞ்சேன் தம்பி."

அந்தக் குரலைக் கேட்டதும் நிலவழகன் அதற்கு மேல் கேலி பண்ணவில்லை. புதுப் பேனல்களைப் பிரித்தார். பளபளவென்று கறுப்பு. வெயிலில் வெளிறிப்போயிருந்த டேங்குக்குப் பக்கத்தில், பழைய சட்டையில் புதுத்துணி ஒட்டுப் போட்டதுபோல அவை தனியாகத் தெரிந்தன.

இடது பேனலில் மேல் குமிழ் சரியாகப் போய் ரப்பரில் உட்கார்ந்தது. முன் குமிழும் உட்கார்ந்தது. பின்னால் இருந்த மூன்றாவது குமிழ், பிரேமில் உள்ள வளையத்துக்கு ஒரு விரல் தள்ளி அந்தரத்தில் நின்றது.

"மாத்தி வச்சிட்டானுங்க பாருங்க. ஒண்ணும் பயமில்ல. பிரேம்ல ஒரு ஓட்டை போட்டா முடிஞ்சது." டிரில் மெஷினை எடுத்தார்.

செபமாலை வண்டிக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டார். "அது மட்டும் வேணாம் தம்பி."

"ஏங்க?"

"கடலுக்குப் போனவன் கரை ஏறுற வரைக்கும் அவன் சாமான்ல வெட்டுவாய் படக்கூடாது. வலையானாலும் சரி, வேட்டியானாலும் சரி, கத்தி வைக்க மாட்டோம். எங்க தெரு வழக்கம். எங்க அப்பன் கடல்ல இருக்கையில எங்க ஆத்தா அவரு தலையணையில ஒரு நூலு பிரிஞ்சதக்கூட அறுக்காம முடிஞ்சுதான் வச்சா."

"இது இரும்புங்கய்யா."

"இரும்புதான். அவனோடதுல்ல?"

நிலவழகன் மெஷினைக் கீழே வைத்தார். தலையைச் சொறிந்தார். அவருக்கு அந்த வழக்கத்தில் நம்பிக்கை இருந்ததா என்றால் இல்லை. ஆனால் எதிரே நின்ற மனிதர் அதைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறார் என்பது தெரிந்தது. ஒருவர் பிடித்து நிற்கிற கயிற்றை, அது நைந்த கயிறு என்று சொல்லிக்கொண்டே அறுப்பவர்களும் உண்டு. நிலவழகன் அப்படிப்பட்டவர் இல்லை.

"சரி, ஒண்ணு கேக்குறேன். இந்தப் புதுப் பேனல் இன்னும் அண்ணனுக்குச் சொந்தமாகலயே? கடையில இருந்து இப்பத்தான வந்துச்சு. இதுல வைக்கலாமா கத்தி?"

செபமாலை யோசித்தார். பங்குச் சாமியாரிடம் கேட்க வேண்டிய கேள்வி மாதிரி இருந்தது. "அவன் இன்னும் கண்ணால பாக்கலையே... வைக்கலாம்."

"அப்ப பொழச்சோம்!"

பேனலில் பொருந்தாத மூன்றாவது குமிழை நிலவழகன் பிளேடால் அறுத்து எடுத்தார். மெல்லிய அலுமினியப் பட்டை ஒன்றை வளைத்து அங்கே பொருத்தி, பட்டையின் நுனியைப் பழைய வளையத்துக்கு எட்டச் செய்தார். ஓட்டை போட்டிருந்தால் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் முடிந்திருக்கும் வேலை, உச்சிப் பொழுது வரை இழுத்தது. இடது பேனல் அசையாமல் உட்கார்ந்தது. செபமாலை அதைத் தொட்டுப் பார்த்து, விரலை எடுத்து, மறுபடி தொட்டார்.

வலது பக்கம் வந்தபோது நிலவழகன் குனிந்து பார்த்து, வெகுநேரம் நிமிரவே இல்லை.

"ஐயா, இங்க வந்து பாருங்க. டூல்ஸ் பெட்டி மாட்டுறதுக்குப் பழைய வண்டியில பிரேமோட ஒரு இரும்புத் துண்டு வெல்டிங் பண்ணியிருக்காங்க. புது மாடல்ல அது கெடையாது. இது நீட்டிக்கிட்டு இருக்கிற வரைக்கும் பேனல் உள்ள போகாது. பேனலைக் குடைஞ்சா நடுவுல பெரிய பொத்தலாயிரும். இந்தத் துண்டைத்தான் எடுக்கணும். கிரைண்டர் வச்சுத்தான் எடுக்கணும்."

செபமாலை அந்த இரும்புத் துண்டையே பார்த்தார். கட்டைவிரல் அளவுகூட இல்லை.

"இன்னைக்குத்தான் கோர்ட்டு" என்றார். "விட்டுட்டான்னா கரை ஏறுன மாதிரிதான். அப்புறம் தாராளமா வையுங்க. போன் வரட்டும்."

காத்திருந்தார்கள். நிலவழகன் கிரைண்டரின் ஒயரைப் பிளக்கில் செருகித் தயாராக வைத்தார். வீட்டிலிருந்து வந்த சாப்பாட்டில் பாதியைத் தட்டில் போட்டுச் செபமாலையின் முன்னால் வைத்தார். "கருவாடு இல்லைங்க, கத்திரிக்காதான். இன்னைக்கு மட்டும் பொறுத்துக்கங்க." செபமாலை சிலுவை போட்டுக்கொண்டு இரண்டு வாய் சாப்பிட்டார். மூன்றாவது வாய் எடுக்கும்போது போன் அடித்தது.

இனியாவின் குரல் தெளிவாகத்தான் இருந்தது. தெளிவாகப் பேச அவள் பட்ட பாடு அதில் தெரிந்தது.

"மாமா... மத்த மூணு பேரையும் விட்டுட்டாங்க."

"நம்ம பய?"

"டிரைவருக்குத் தனி சட்டமாம் மாமா. படகை ஓட்டுனது அவுகதான்னு... ஒரு வருஷம் போட்டுட்டாங்க."

சரி என்றார் செபமாலை. "சாப்ட்டியா ஆத்தா?" என்று கேட்டார். போன் அணைந்த பிறகும் காதிலேயே வைத்திருந்தார்.

நிலவழகனுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எழுந்துபோய் கிரைண்டரின் ஒயரைப் பிடுங்கினார். பெரியவர் கண்ணில் படாதபடி அதைக் கொண்டுபோய்ப் பலகைக்குப் பின்னால் வைத்தார். பிறகு புது வலது பேனலை வந்தபடியே காகிதத்தில் சுற்றி, பின்பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். ஆணியில் தொங்கிய தன் மழைக்கோட்டை எடுத்து, முதுகுப் பக்கத்தைச் சதுரமாக வெட்டி, பேனல் இல்லாமல் ஒயரும் பேட்டரியுமாகத் திறந்து கிடந்த வலது பக்கத்தில் வைத்து இறுக்கிக் கட்டினார்.

"என்னோட கோட்டுதாங்க. இதுல கத்தி வைக்கலாம்ல?"

செபமாலை தலையாட்டினார்.

லோடு வண்டியில் பைக்கை ஏற்றியதும், நிலவழகன் பட்டறையைப் பூட்டிவிட்டுத் தானும் ஏறிக்கொண்டார். பைக் சாயாமல் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றார். காலையில் கயிறே போதுமானதாக இருந்தது. ஜெகதாப்பட்டினம் வரை ஒரு கையால் பைக்கையும், மேடு பள்ளம் வரும்போதெல்லாம் மறு கையால் பெரியவரின் தோளையும் பிடித்துக்கொண்டு வந்தார். பெரிய கதவுகள் எல்லாம் சாத்திக் கிடக்கிற நாளில் ஆண்டவர் இப்படித்தான் யாருடைய கையிலாவது ஏறி வருகிறார். செபமாலைக்கு அன்றைக்கு அது தெரிந்திருக்காது. கட்டிய கோட்டின் மூலை ஒன்று காற்றில் படபடத்ததை மட்டும்தான் அவர் வழியெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

விடுதலையான மூன்று பேரும் வீடு வந்து சேர்ந்தார்கள். அவர்களுடைய அம்மாக்கள் செபமாலையைத் தெருவில் கண்டால் சிரிப்பை முந்தானையால் மூடிக்கொண்டார்கள். அதுவும் ஒரு இரக்கம்தான். அவர்கள் வீட்டில் ஆக்கிய கறியில் ஒரு கிண்ணம் இனியாவின் அடுப்படிக்கு வந்தது. யார் கொண்டுவந்து வைத்தது என்று கடைசிவரை தெரியவில்லை.

செபமாலை டீசலைத் தொடுவதில்லை. வெறும் தண்ணீர்த் துணிதான். வலது பக்கம் மட்டும் அவர் போவதே இல்லை.

ஒரு நாள் மத்தியானம் அக்கரையிலிருந்து போன் வந்தது. இனியா பேசினாள், கேட்டாள், கண்ணைத் துடைத்தாள், போனை நீட்டினாள்.

"அப்பா, நல்லாருக்கீங்களா? வண்டி எப்படிப்பா இருக்கு?"

நல்லாருக்கு என்று சொல்லிவிடுங்கள் என்பதுபோல இனியா பார்த்தாள். செபமாலைக்குப் பொய் வரவில்லை.

"கெடுத்துப்புட்டேன்யா. டீசலும் மீன் எண்ணெயும் போட்டுத் தொடைச்சு, ரெண்டு பேனலும் போச்சு. இடது பக்கம் நிலவழகன் புதுசு மாட்டிட்டாரு. வலது பக்கம் பிரேம்ல ஒரு துண்டை வெட்டுனாத்தான் உக்காருமாம். நீ கரைக்கு வராம நான் எப்படிய்யா வெட்டச் சொல்லுவேன்?"

"டீசலாப்பா?" என்றான் செம்மல். "மீன் எண்ணெயுமா?" சிரித்தானா, அழுதானா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு சத்தம் வந்தது. பின்னால் யாரோ நேரமாகிவிட்டது என்று அதட்டினார்கள். அவன் அவசரமாகக் கேட்டான்: "வலது பக்கமா தெறந்து கெடக்கு? கொட்டகையில எப்பவும் நிக்கிற மாதிரிதான் நிக்குதா?"

"ஆமாய்யா. கோட்டுத்துணி கட்டியிருக்கு."

"அது கடலைப் பாத்த பக்கம்ப்பா. வண்டியத் திருப்பி நிறுத்துங்க."

போன் நின்றுவிட்டது.

செபமாலை போனை இனியாவிடம் கொடுத்தார். மேல்துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு கொட்டகைக்கு நடந்தார். கனத்த வண்டி. ஒரு ஆளால் அசைக்க முடியாது. கேட்காமலே இனியா பின்னால் வந்து, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சீட்டுக்குப் பின்னால் கை கொடுத்தாள். வாசல் வரை தள்ளி, மணலில் சக்கரம் புதைய நின்று மூச்சு வாங்கி, வட்டம் சுற்றி, மறுபடி உள்ளே கொண்டுவந்தார்கள். நல்ல பக்கம் இப்போது கடலுக்கு நேராக வந்தது. வெளிறிய டேங்குக்குக் கீழே புதுக் கறுப்பு மட்டும் பளபளத்தது.

"போதுமா மாமா?"

செபமாலை வாசலில் போய் நின்று, காற்று வருகிற திசையைப் பார்த்தார். திரும்பி வண்டியைப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் செவுத்துப் பக்கமா ஒட்டித் தள்ளு ஆத்தா" என்று வந்து ஹேண்டில்பாரைப் பிடித்தார்.