மடங்காத சைக்கிள்

மாமனாரும் மருமகனும் ஒரே பட்டறையில்தான் வேலை செய்தார்கள். ஆனால் நேருக்கு நேர் பேசி எட்டு மாதம் ஆகியிருந்தது. எதுவாக இருந்தாலும் மகள் வழியாகத்தான் போகும்.

"அந்தச் சின்ன ஸ்பேனரைக் குடுக்கச் சொல்லும்மா உன் வீட்டுக்காரரை."

"மேஜை மேலதான் கிடக்கு. கண்ணாடி போட்டுட்டுத் தேடச் சொல்லு உங்கப்பாவை."

இருவருக்கும் நடுவில் நாலடி தூரம்கூட இருக்காது. மரியாதைக்கு மட்டும் குறைச்சலே இல்லை. "மாப்பிள்ளை வந்துட்டாரா?" என்று மாமனார் கேட்டால், அந்த 'ரா'வில் பல்லைக் கடிக்கிற சத்தம் கேட்கும்.

அவர்கள் செய்தது மடக்கு சைக்கிள். மாமனார் குழாய் அறுத்துக் கீல் கடைவார். மகள் வெல்டிங் வைப்பாள். சக்கரமும் பிரேக்கும் மருமகன் வேலை. முதலில் சைக்கிளை மடக்க ஒரு திருகைப் பதினோரு சுற்றுச் சுற்ற வேண்டியிருந்தது. மருமகன் அதைத் தூக்கிவிட்டு ஒரு கொண்டி வைத்தான். ஒரு தட்டுத் தட்டினால் போதும், மடங்கிவிடும். விற்பனை இரண்டு மடங்கானது. மாமனாரால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஒருநாள் மகள் பாலத்துச் சரிவில் இறங்கும்போது கொண்டி தானாகத் திறந்துகொண்டது. சைக்கிள் அவள் காலுக்கடியிலேயே மடங்கியது. தோள்பட்டை எலும்பு முறிந்தது.

ஆஸ்பத்திரிக் கட்டிலருகே அப்பா சொன்னார்: "பார்த்தியா, உன் புருஷன் வெச்ச கொண்டி லட்சணத்தை?"

கணவன் சொன்னான்: "கீலே ஆடுது. கொண்டி என்ன பண்ணும்? உங்கப்பாவைக் கேளு."

வலிக்கிறதா என்று கேட்டது நர்ஸ் ஒருத்திதான்.

ஆறு வாரம் கழித்து வேலைக்குத் திரும்பியவள், முதல் வேலையாகக் கீல் இடுக்கில் காகிதத்தை விட்டுப் பார்த்தாள். மூன்று தாள் நுழைந்தது. கொண்டியை விரலால் நெம்பினாள். திறந்தது. இரண்டு பேர் மேலும் தப்பு. அந்த வாரம்தான் எட்டுக் கடை வைத்திருக்கும் சைக்கிள் வியாபாரி ஒருவர் சரக்கு பார்க்க வருவதாக இருந்தது.

"ரெண்டையும் சரி பண்ணாம அவர்கிட்டக் காட்டக் கூடாது" என்றாள்.

"என் கீல்ல குறையா? போம்மா வேலையைப் பாரு" என்றார் அப்பா.

"கொண்டியில கை வைக்கிற பேச்சே வேண்டாம்" என்றான் கணவன்.

அவள் வேலையைப் பார்த்தாள்.

வியாபாரி வந்தார். மருமகன் சிரித்துக்கொண்டே கொண்டியைத் தட்டினான். சைக்கிள் அசையவில்லை. இன்னொரு முறை தட்டினான். முழங்காலால் இடித்தான். மாமனார் உள்ளுக்குள் மகிழ்ந்துபோய், "தள்ளி நிக்கச் சொல்லும்மா, நான் பார்க்கிறேன்" என்று முன்னால் வந்தார். இழுத்தார். முகம் சிவந்ததுதான் மிச்சம்.

"மடக்கு சைக்கிள்னுதானே சொன்னீங்க?" என்றார் வியாபாரி.

மாமனார் நகத்தால் கீல் மேலிருந்த கறுப்புப் பெயின்ட்டைச் சுரண்டினார். அடியில் சுற்றிவரப் புது வெல்டிங். அவ்வளவு சீராக வெல்டிங் வைக்க அந்தப் பட்டறையில் ஒரே ஒரு கைதான் உண்டு.

"நான்தான் ஒட்டினேன்" என்றாள் மகள். "இப்ப யாரும் விழ மாட்டாங்க." சட்டைக் கழுத்தை விலக்கி, எலும்பு புடைத்திருந்த இடத்தை வியாபாரிக்குக் காட்டினாள். அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி பண்ணிட்டுச் சொல்லியனுப்புங்க" என்று கிளம்பிவிட்டார்.

"பார்த்தீங்களா மாப்பிள்ளை, குடும்ப மானத்தையே வாங்கிட்டா!"

"நீங்க வளர்த்த லட்சணம் மாமா!"

"கல்யாணத்துக்கு முன்னாடி இவ இப்படி இல்ல."

"அப்போ நான் கெடுத்துட்டேனா?"

கொஞ்ச நேரம் ஒருவரை ஒருவர் குதறினார்கள். பிறகு இருவரும் சேர்ந்து அவள் பக்கம் திரும்பினார்கள். துரோகி என்றார் ஒருவர். வீட்டுப் பக்கம் வராதே என்றான் மற்றவன். அவள் கையுறையைக் கழற்றிப் போட்டாள். தன் வெல்டிங் முகமூடியை மட்டும் எடுத்துக்கொண்டு, இரண்டு தெரு தள்ளி இரும்புக் கேட் பட்டறை வைத்திருந்த ஒரு பெண்மணியிடம் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கேயே பின்னறையில் தங்கினாள்.

இங்கே புதிதாக வந்த வெல்டர் அனலைக் கூட்டிக் குழாயை வளைத்தார். சைக்கிள் நண்டு மாதிரி பக்கவாட்டில் போனது. அடுத்து வந்தவர் இரண்டே நாளில் இவர்கள் வாய்க்குப் பயந்து ஓடினார்.

ஒன்றரை மாதம் கழித்து இருவரும் ஒரு சைக்கிளைத் தூக்கிக்கொண்டு கேட் பட்டறைக்கு வந்தார்கள். கீல் புதிது. கொண்டிக்கு மேல் ஓர் ஊசி; அதை இழுத்தால்தான் கொண்டி திறக்கும். அவள் காகிதத்தை விட்டாள், நுழையவில்லை. மிதி மேல் ஏறி நின்று குதித்தாள். கொண்டி அசையவில்லை.

"இப்பத் திருப்தியா? கிளம்பு" என்றான் கணவன்.

"நான் வரல. குழாயை இங்க கொண்டு வாங்க, வெல்டிங் வெச்சுத் தரேன். கேட் வேலை முடிஞ்ச பிறகுதான்."

"பெத்த அப்பனையே வரிசையில நிக்க வைக்கிறியா?"

"இல்லப்பா. உங்களுக்கு முன்னாடி நாலு கேட் இருக்கு. வியாழக்கிழமை வாங்க."

முகமூடியை இறக்கிக்கொண்டு குனிந்து, கேட்டில் வெல்டிங்கைத் தொடங்கினாள். கண் கூசியதால் இருவரும் திரும்பிக்கொண்டார்கள்.