ரொட்டிக்காரியின் கடைசி அத்தியாயம்

என் கணவர் பல் செட்டு செய்கிறவர். பகலெல்லாம் பட்டறையில் யாரோ ஒருவருடைய வாயின் அச்சை வைத்துக்கொண்டு பேசாமல் இருப்பதாலோ என்னவோ, வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவ நின்றதும் அவர் வாய் திறந்துவிடும். நாவலோ கட்டுரையோ, படித்ததை ஒன்றுவிடாமல் சொல்லி முடித்துவிட்டுத்தான் குழாயை மூடுவார். குடையைத் தொலைக்கிறவர்களைப் பற்றி யாரோ எழுதிய கட்டுரையை அவர் சொல்லி, நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரி சுவரைத் தட்டியிருக்கிறாள். நான் ஒரு புத்தகத்தையும் பிரித்ததில்லை. ஆனால் அலமாரியில் இருப்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. காதால் படித்தவள் என்று என்னை நானே கேலி செய்துகொள்வேன்.

அந்த அலமாரியில் அவருக்கு உயிர் என்றால் ஒரு ரொட்டிக்காரியின் நாவல்தான். தனியாகக் கடை நடத்துகிற பெண். கடை தீப்பிடிக்கிறது. ஊர் வாய்க்கு வந்ததைப் பேசுகிறது. கடைசி அத்தியாயத்தில் கரி படிந்த சுவரைத் தேய்த்துக் கழுவிவிட்டு அவள் மறுபடி மாவு பிசைகிறாள். கதவைத் திறந்தால், அவளை அதிகமாக ஏசிய கிழவர்தான் முதல் ஆளாக நிற்கிறார். "ஒரு ரொட்டி குடு, சூடா இருக்கட்டும்" என்கிறார். இந்த இடத்துக்கு வந்தால் என் கணவர் கையிலிருக்கிற தட்டையே மறந்துவிடுவார். குழாய் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

போன வருடம் என் சலவைக் கடை எரிந்தபோது இந்தக் கதையை எத்தனை தடவை சொன்னாரோ, கணக்கே இல்லை. பழைய வயரிங். இஸ்திரி மெஷினுக்குப் பின்னால் பொறி கிளம்பி, வாடிக்கையாளர் துணியெல்லாம் போயிற்று. நஷ்டஈட்டைக் கொடுத்துத் தீர்த்துவிட்டேன். 'துணியைக் குடுத்தா சாம்பலைத் தருவா' என்று தெருவில் ஒருத்தி சொன்னதைத்தான் தீர்க்க முடியவில்லை. அதிலிருந்து அந்தத் தெருவையே மிதிக்காமல், சுற்றிப் போய்க் காய்கறி வாங்கினேன்.

இப்போது அதே தெருவில் ஓர் இடம் காலியாகியிருந்தது. கட்டடக்காரர் நல்ல மனிதர். "உங்களுக்குத்தாம்மா முதல்ல சொல்றேன். சாயங்காலத்துக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிடுங்க, இன்னொருத்தரும் கேட்டுக்கிட்டிருக்கார்" என்று காலையிலேயே போன் செய்தார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆசை இருந்தது. பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. கணவர் பட்டறைக்குப் போனபிறகு, அந்தக் கிழவர் ரொட்டி கேட்கிற பக்கத்தை ஒருமுறை என் கண்ணால் பார்த்துவிட்டால் தைரியமாகச் சரி என்று சொல்லிவிடலாம் என்று தோன்றியது. நாவலை எடுத்தேன்.

கடைசி அத்தியாயத்தில் கிழவரே இல்லை. ரொட்டிக்காரி அடுப்பைப் பழைய இரும்புக்காரனுக்கு விற்கிறாள். ஒரு பையோடு பஸ் ஏறி அக்கா வீட்டுக்குப் போகிறாள். முற்றும். தாள் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதோ என்று எச்சில் தொட்டுப் பிரித்துப் பார்த்தேன். முந்தின அத்தியாயத்தையும் படித்தேன். எங்கேயும் அவள் மாவைத் தொடவில்லை. வந்த கோபத்தில் பட்டறைக்குப் போன் போட்டேன்.

"உங்க ரொட்டிக்காரி கடையைத் திறக்கவே இல்லையே."

"கடைசி அத்தியாயம்மா. வலது பக்கம், மேல் பாதி" என்றார், பதற்றமே இல்லாமல்.

"வந்து காட்டுங்க."

சாப்பாட்டு நேரத்தில் வந்தார். விரல் இடுக்கில் அச்சு வார்க்கிற வெள்ளைப் பொடி காய்ந்திருந்தது. நின்றபடியே புரட்டினார். பிறகு உட்கார்ந்து புரட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு முதலிலிருந்து வந்தார். முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. சாப்பிட்டதை மறப்பேன், படித்ததை மறக்க மாட்டேன் என்று பீற்றிக்கொள்கிற மனிதர். எனக்கே பாவமாக இருந்தது, ஆனால் காட்டிக்கொள்ளவில்லை.

"இதை பஸ்ல படிச்சு முடிச்சேன்" என்றார் மெல்ல. "இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போயிட்டேன். அங்கேருந்து வீட்டுக்கு நடந்தே வந்தேன். அவளை அப்படியே விட்டுட்டு வர மனசு வரல. நடக்கும்போது நானா யோசிச்சிருக்கேன் போல. நாளாக ஆக அதுவே புத்தகத்துல இருக்குன்னு பதிஞ்சு போச்சு."

"நீங்க வேணும்னு சொல்லலன்னு தெரியுது. ஆனா நான் இதை நம்பித்தானே கடையை எடுக்கலாம்னு இருந்தேன்."

"இதை நம்பி எடுக்காதே. எனக்காகவும் எடுக்காதே. வேண்டாம்னா இப்பவே போன் பண்ணிச் சொல்லிடலாம்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். மனிதர் கடைசிப் பக்கத்தைச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ரொட்டிக்காரி தன் நகத்தில் இருக்கிற கரியைப் பார்க்கிறாள். துடைக்காமல் கையை மடியில் கவிழ்த்து வைத்துக்கொள்கிறாள்.

"கவிழ்த்து வெச்சுக்கிட்டாளாம். அழுதான்னு எழுதல பாரு" என்று தலையை ஆட்டி ரசித்தார். "எவ்வளவு நல்ல முடிவு. இத்தனை நாளா நான்தான் இதைக் கெடுத்து வெச்சிருக்கேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்ன நல்ல முடிவு? அடுப்பை எதுக்கு வித்தா? தீயில போனது கூரையும் மரச்சாமானும்தான். இரும்பு அடுப்புக்கு என்ன ஆச்சு? அதையும் முதல்ல வந்தவன்கிட்டயே தூக்கிக் குடுத்துட்டா. மாவு வியாபாரி பழைய பழக்கம்தானே, அவர்கிட்ட ஒரு வார்த்தை போய்ப் பேசினாளா?"

"மனசு உடைஞ்சு போச்சு அவளுக்கு."

"உடையட்டும். மனசு உடைஞ்சா தொழில் மறந்து போயிடுமா? ஊர்ல இருக்கறவங்க காலையில ரொட்டி தின்னுதானே ஆகணும்? பேசினவங்கதான் முதல்ல வருவாங்க. கடை எப்படி இருக்குன்னு எட்டிப் பாக்காம அவங்களுக்குத் தூக்கம் வராது."

அவர் புத்தகத்தை மூடிவிட்டு என்னையே பார்த்தார். எதற்கு இப்படிப் பார்க்கிறீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன்; அதற்குள் எனக்கே உறைத்தது. துணியைத் தொட்டதும் எவ்வளவு சூடு தாங்கும் என்று சொல்லிவிடுகிற கை எரியவில்லை, என்னிடம்தான் இருக்கிறது. என்னை வழியில் பார்க்கும்போதெல்லாம், வேறு கடையில் படுக்கை விரிப்பைப் பாழாக்குகிறார்கள் என்று, முன்பு என்னிடம் சலவைக்குப் போட்ட ஓட்டல்காரர் புலம்பிக்கொண்டுதான் இருக்கிறார். பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். அது அது பாட்டுக்கு இருந்தது. ஆனால் அந்த ரொட்டிக்காரி மேல் இருந்த எரிச்சல் அதைவிட அதிகமாக இருந்தது.

கட்டடக்காரரைக் கூப்பிட்டேன்.

"இடத்தை எடுத்துக்கறேன். ஆனா வயரிங் முழுசையும் புதுசா மாத்திக் குடுக்கணும். நான் கூட நின்னு பார்ப்பேன். அதுக்கப்புறம்தான் மெஷினை உள்ள கொண்டு வருவேன்."

அவர் கொஞ்சம் முனகிவிட்டு ஒத்துக்கொண்டார். போனை வைத்தேன். சந்தோஷமாகவும் இருந்தது, அழுகையும் வந்தது. பட்டறைக்குத் திரும்புகிற நேரம் தாண்டியும் என் கணவர் நாவலோடு உட்கார்ந்தே இருந்தார்.

"அப்போ இவளை என்ன பண்றது?" என்றார். "இனிமே உள்ளபடிதான் சொல்லணும். பஸ் ஏத்தி விட்டுடணும்."

"ஏறட்டும், யார் வேண்டாம்னா?" என்றேன். "அக்கா வீட்ல நாலு நாள் இருப்பா. அக்கா சுடற ரொட்டியைப் பார்த்துப் பொறுக்க முடியாம திரும்பி வந்துடுவா."

"அடுப்பு?"

"பழைய இரும்புக்காரன்கிட்டதானே இருக்கு. வித்ததை விடக் கூடத்தான் கேப்பான். நான் பேசிக்கறேன்."