சின்ன லென்ஸ் இரண்டு

துக்கத்துக்கு வந்த பெண்கள் உட்கார இடம் போதவில்லை. சுவரோரம் கிடந்த கேமரா பையை ஒதுக்கப் போன யெஷி, ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டு மறு கையையும் கொடுத்தாள்.

“என்ன ஹிருத், இவ்வளவு கனமா இருக்கு? தம்பி இதையா மலைக்குத் தூக்கிட்டுப் போனான்?”

ஹிருத் வாய் திறப்பதற்குள் நாத்தனார் பையை உள்ளறைக்கு இழுத்துப் போனாள். வெளியே கூடாரத்தில் ஆண்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். தாம்ருவை அன்று காலைதான் அடக்கம் செய்திருந்தார்கள்.

எத்தியோப்பியாவின் லாலிபெலாவுக்கு, பாறையைக் குடைந்த கோயில்களைப் பார்க்க வருகிற பயணிகள் வாங்கும் புத்தகங்களுக்கு ஹிருத் படம் எடுப்பாள். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற கணவர் தாம்ரு பையைச் சுமந்து கூட வருவார். அவளிடம் அதை ஒருநாளும் தந்ததில்லை. இந்த வருஷம் ஏற்றத்தில் அவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. அதற்காகவே அவள் தலைநகர் அடிஸ் அபாபாவில் கடை கடையாக ஏறி இறங்கி, உள்ளங்கையில் அடங்குகிற இரண்டு லென்ஸ்களைத் தேடி வாங்கினாள். பரந்த காட்சிக்கு ஒன்று, முகங்களுக்கு ஒன்று. பாறைக் கோயிலின் இருட்டுக்குள்ளும் அவை போதும். தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுக்கும் பெரிய லென்ஸ் இனி வீட்டிலேயே இருக்கட்டும் என்று முடிவாயிற்று.

தாம்ரு இரண்டையும் கையில் வைத்து எடை பார்த்தார். “ரெண்டு உருளைக்கிழங்கு கனம்கூட இல்ல. இனிமே உன்னையும் சேத்துத் தூக்கிட்டுப் போவேன்.”

நேற்று விடிகாலை அவர் வாசலில் ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். திருவிழாவுக்காக வெள்ளைத் துணி போர்த்தி எதிர்மலையில் வரிசையாக ஏறுகிறவர்கள் ஹிருத்துக்கு நினைவு வந்தார்கள். சின்ன லென்ஸில் அவர்கள் வெறும் புள்ளிகளாகத்தான் விழுவார்கள். பெரியதைத் துண்டில் சுற்றிப் பைக்கு அடியில் வைத்தாள். இன்று ஒருநாள்தானே.

பாதி ஏற்றத்தில் தாம்ரு பாறையில் சாய்ந்து நின்றார்.

“சின்னது ரெண்டும்தானே போட்டிருக்க?”

“ஆமா.”

“அப்ப எனக்குத்தான் வயசாயிடுச்சு.” சிரித்தார்.

“கொஞ்ச நேரம் உக்காருங்களேன்.”

“உக்காந்தா வெளிச்சம் போச்சுன்னு நீதான் கத்துவ. நட நட.”

அவள் நடந்தாள். முன்னால் போய் வளைவில் நின்று எதிர்மலையைப் பார்த்தாள். வெள்ளை வரிசை அப்போதுதான் தொடங்கியிருந்தது. பெரிய லென்ஸை எடுக்கத் திரும்பியபோது அவர் பாதையில் குப்புறக் கிடந்தார். பை முதுகிலேயே இருந்தது. வாரைத் தோளிலிருந்து கழற்ற அவளால் முடியவேயில்லை.

“படுக்கையில இருந்திருந்தாலும் நின்னிருக்கலாம்மா. இதயம் அப்படி,” என்றார் டாக்டர். அவள் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்ளப் பார்த்தாள். ‘ஆமா’ என்று தான் சொன்னதுதான் திரும்பத் திரும்பக் காதில் விழுந்தது.

சாயங்காலம் கூட்டம் குறைந்ததும் யெஷி தட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“கடைசியா என்ன பேசினான்?”

“வயசாயிடுச்சுன்னு சொன்னார்.”

“அவனா?” யெஷி அழுகையினூடே சிரித்தாள். “என்னையே கிழவின்னு கேலி பண்ணுவான். தனக்கு வயசுன்னு ஒருநாள் ஒத்துக்கிட்டதில்லையே.”

“அக்கா, அந்தப் பையில…”

“பை கிடக்கட்டும், யாரும் தொட மாட்டாங்க. நேத்துலருந்து பட்டினி கிடக்கிற.”

தோசை மாதிரியான இன்ஜெராவைக் கிழித்து, பருப்பை வைத்துச் சுருட்டி, அவள் வாயருகே கொண்டுவந்தாள்.

“அக்கா, நான்…”

“வாயைத் திற. அவன் உன்னைப் பாத்துக்கிட்ட மாதிரி நான் பாத்துக்க வேண்டாமா?”

நீட்டிய கை காத்திருந்தது. ஹிருத் வாயைத் திறந்தாள். பெரிய கவளம், கன்னம் இரண்டும் உப்பின. யெஷி அவள் உதட்டோரத்தைத் துடைத்துவிட்டு, அடுத்ததைச் சுருட்டத் தொடங்கினாள்.