வெயில் தங்கும் மதில்

இரஞ்சிதம் மண் அரிக்கப் போகத் தொடங்கி ஆறு வாரம் ஆகியிருந்தது. ஊரைவிட்டு வந்து அவர்கள் குடியேறியிருந்த பரமட்டா நகருக்கு மேற்கே, பழைய பண்ணை மாளிகை ஒன்றின் காய்கறித் தோட்டத்தைத் தொல்லியல்காரர்கள் தோண்டிக்கொண்டிருந்தார்கள். மாளிகை எப்போதோ எரிந்துபோயிற்று. தோட்டத்தைச் சுற்றிய செங்கல் மதில் மட்டும் மூன்று பக்கம் மிஞ்சியது. 1978 முடிவதற்குள் அந்த இடத்தில் வீதி வரப்போவதால், தோண்டிய மண்ணைச் சல்லடையில் அரிக்க உள்ளூர்ப் பத்திரிகையில் ஆள் கேட்டிருந்தார்கள். வீட்டுக்குள் அடைந்து கிடந்தவள் வெளியே கிளம்பினால் போதும் என்று கணவன் நித்தியானந்தன் காலையில் காரில் கொண்டுவந்து இறக்கிவிடுவான்.

அவள் அடைந்து கிடந்ததற்குக் காரணம் இருந்தது. மூன்று வருடத்துக்கு முன் அவளுக்குப் பிறந்த பெண் பிள்ளை ஒன்பது நாள்தான் இருந்தது. அவள் காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தபோதே எல்லாக் காரியமும் முடிந்துவிட்டது. "எங்க புதைச்சனீங்கள்?" என்று அவள் கேட்கும்போதெல்லாம், "பிள்ளையளுக்கெண்டு ஒரு இடம் இருக்கு. நீர் முதல்ல தேறும், கூட்டிக்கொண்டு போறன்" என்பான். அவள் தேறிவிட்டாள். அவன் கூட்டிப்போகவில்லை.

தோட்டம் அவளுக்குப் பிடித்திருந்தது. மேல் மண் போகப் போகப் பழைய பாத்திகள் வெளியே வந்தன. பாத்தி ஓரமாகக் கவிழ்த்து நட்ட சாராயப் போத்தல்கள். மதிலின் சுண்ணாம்புச் சாந்தில் அரைபடாத சிப்பித் துண்டுகள். அந்தக் காலத்தில் கப்பலில் நாடுகடத்தப்பட்டு வந்த கைதிகள் அறுத்த செங்கல்லில் யாரோ ஒருவனுடைய பெருவிரல் அடையாளம்.

"இந்தப் பண்ணைக்காரன் தோட்டத்தில முட்டைக்கோவாவை விட ரம்தான் நல்லா விளைஞ்சிருக்கு" என்பார் ரயில்வேயில் இருந்து ஓய்வுபெற்ற கெவின், போத்தல்களை எண்ணியபடி.

தோண்டலுக்குப் பொறுப்பான மிஸ் ஹார்ட்லி சிரிக்காமல் விளக்குவாள். "இந்த மதில் வடக்கைப் பார்த்தது. இந்த நாட்டில் சூரியன் வடக்குப் பக்கமாகச் சாய்ந்து ஓடுவதால் நாள் முழுக்க வெயில் விழும். பொழுதுபட்ட பிறகும் செங்கல் சுடும். அதனால்தான் பீச் மரங்களை இதோடு சாய்த்து வளர்த்தார்கள்."

ஒரு செவ்வாய்க்கிழமை, அதே மதிலடியில், எரு கலந்த கறுப்பு மண்ணுக்குக் கீழே நீளச் சதுரமாக மண்ணின் நிறம் மாறியது. இரண்டடி நீளம்தான். மிஸ் ஹார்ட்லி தூரிகையால் மெல்ல மெல்லத் தட்டினாள். எலும்பை அமிலமேறிய மண் தின்றுவிட்டிருந்தது. நிழல் மாதிரி ஒரு கறை. அதன் நடுவே, துணியைச் சுற்றிக் குத்திய இரண்டு குண்டூசிகள். கெவின் தொப்பியைக் கழற்றினார்.

"தோட்டக்காரரின் குழந்தை. மாளிகை எசமானி அது இறந்ததை ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறாள். எங்கே புதைத்தார்கள் என்றுதான் தெரியாமல் இருந்தது" என்றாள் மிஸ் ஹார்ட்லி.

"தேவாலயத்து மயானத்தில் புதைக்காமல் ஏன் இங்கே?" என்று இரஞ்சிதம் கேட்டாள்.

"எனக்குத் தெரியாது." மிஸ் ஹார்ட்லி மதிலைத் தொட்டுப் பார்த்தாள். "இதைவிடக் கதகதப்பான இடம் அந்தத் தகப்பனிடம் இருந்திருக்காது."

அன்று பின்னேரம் வீட்டுக் குசினியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த நித்தியானந்தனின் முன்னால் இரஞ்சிதம் போய் நின்றாள்.

"இண்டைக்கு ஒரு பிள்ளையைக் கண்டம். நூத்திநாப்பது வருசமாம். தகப்பன் வைச்ச இடத்திலேயே கிடக்கு. எங்கட பிள்ளை எங்க?"

"திரும்பவும் தொடங்காதையும்."

"எங்க?"

அவன் கோப்பையை வைத்தான். "அந்த நேர்ஸ் கேட்டவள், நீங்கள் இந்துதானே, எரிக்கிறதோ எண்டு. நான் ஓமெண்டு சொல்லிப்போட்டன்."

"ஒன்பது நாள் பிள்ளையை ஆரேன் எரிக்கிறதே?"

"பிறகுதான் யோசிச்சனான், இரஞ்சி. அப்பாவுக்குக் கொள்ளி வைச்சதுதான் அப்ப மனசில நிண்டது. இஞ்ச ஆரைக் கேக்கிறது? நீட்டின கடதாசியில கையெழுத்தும் வைச்சிட்டன்."

"சாம்பல்?"

"அவ்வளவு சின்னனில ஒண்டும் மிஞ்சாதாம்."

பிள்ளை கிடக்கும் இடமென்று மூன்று வருடமாக அவள் மனதில் போய்ப் போய் உட்கார்ந்துவந்த ஒரு புல்வெளி அப்படியே இல்லாமல் போயிற்று.

சனிக்கிழமை தோண்டலின் கடைசி நாள். கறைபடிந்த மண்ணை அடியில் பலகை செருகிப் பெயர்த்துப் பெட்டியில் வைத்துப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோக ஆயத்தம் நடந்தது. எப்போதும் காருக்குள்ளேயே இருக்கும் நித்தியானந்தன் அன்று இறங்கி, சப்பாத்தில் சேறு ஒட்ட ஒட்ட மதிலடிக்கு வந்தான். கையில் பேப்பர் சுற்றிய பால் போத்தல். பச்சைப் பிள்ளையைப் புதைத்தால் குழியில் பால் ஊற்றுவார்கள். அவனுக்கு இப்போது ஊர் முறையெல்லாம் நினைவு வந்திருந்தது. மூடியைக் கழற்றிக் குனிந்தான்.

இரஞ்சிதம் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வேண்டாம். இது வேற ஆரோ பெத்த பிள்ளை."

"ஒரு துளி, இரஞ்சி."

"இதுக்குத் தகப்பன் செய்ய வேண்டியதைச் செய்திட்டுத்தான் போயிருக்கிறார்."

அவன் அப்படியே மண்ணில் குந்தினான். சற்றுத் தள்ளி மிஸ் ஹார்ட்லியும் கெவினும் வேலையை நிறுத்திவிட்டு, பாராதவர்கள் போல வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

"அப்ப நான் எங்க ஊத்துறது?" என்று அவன் கேட்டான்.

பிடித்த கையை விடாமல், அவளும் அவனருகே மண்ணில் உட்கார்ந்தாள்.