இட்வாலின் கடைசிக் காட்சி

கல்யாண வீட்டில் மாப்பிள்ளையாகவும் சாவு வீட்டில் பிணமாகவும் இருக்க ஆசைப்படுகிறவன்தான் நடிகன் என்பார்கள். என் வீட்டுக்காரர் இட்வாலுக்குப் பிணமாக இருக்கத்தான் அதிகம் கூப்பிட்டார்கள். மற்ற நேரங்களில் போலீஸ்காரர், பாதிரியார், கதாநாயகனிடம் கெட்ட செய்தி சொல்லும் டாக்டர். லண்டன் படமென்றால் சுரங்கத் தொழிலாளி. முகத்தில் அப்புகிற கரியில் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது.

மதுக்கடையில் அவருடைய கூட்டாளி டில்வின் பார்த்த உடனே ஆரம்பிப்பான். "என்ன இட்வால், இந்த வாரம் சாவுறியா, இல்ல செத்தவனைக் கண்டுபிடிக்கிறியா?" ஒருமுறை கார்டிஃப் ரயிலில் ஒரு அம்மாள், "உங்களை எங்கயோ பாத்திருக்கேன். எங்க வீட்டு பாய்லர் ரிப்பேர் பண்ண வந்தீங்கள்ல?" என்றாள். இவர் "ஆமாம்மா" என்று சொன்னதோடு நிற்காமல், பாய்லர் இப்போது எப்படி ஓடுகிறது என்று வேறு விசாரித்தார். யாருக்கும் தொந்தரவு கொடுக்காத ஆள் என்று பெயர் எடுத்தவர். அந்தப் பெயரால்தான் வாழ்நாள் முழுக்க வேலை கிடைத்தது, அந்தப் பெயரால்தான் சின்ன வேலையாகவே கிடைத்தது என்பது என் கட்சி.

தலை முழுக்க நரைத்த பிறகு அவருக்கு ஒரு கதாநாயகன் வேஷம் வந்தது. கடலில் மகனைப் பறிகொடுத்த மீனவனாக ஒரு தொலைக்காட்சித் தொடர். எங்கள் பக்கத்தில் இப்படிப்பட்ட தொடர்களை இரண்டு தடவை எடுப்பார்கள். ஒவ்வொரு காட்சியையும் முதலில் எங்கள் தாய்மொழியான வெல்ஷில் நடிப்பார்கள், உடனே அதே இடத்தில் அதே உடுப்போடு ஆங்கிலத்தில் நடிப்பார்கள். ஒன்று நமக்கு, இன்னொன்று உலகத்துக்கு. இரண்டிலும் இட்வால்தான் என்று பேச்சு. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

படப்பிடிப்பு தொடங்கும் முன்பே லண்டனிலிருந்து ஒரு நிபந்தனை வந்தது. ஆங்கிலத்துக்குத் தெரிந்த முகம் வேண்டுமாம். ஜூலியன் கார்ஸ்டெர்ஸ் என்ற பெரிய நடிகரைப் போட்டுவிட்டார்கள். சொல்வதற்கு இயக்குநர் கெத்தின் எங்கள் வீட்டுக்கே வந்தான்.

"வெல்ஷ்ல நீங்கதான், இட்வால். அதுல யாரும் கை வைக்க முடியாது."

"இங்கிலீஷ்ல?"

"பக்கத்து வீட்டுக்காரர் வேஷம் இருக்கு. ரெண்டு வசனம். நீங்க சரின்னா..."

"சரிப்பா. இன்னொரு துண்டு கேக் எடுத்துக்க."

தட்டோடு பிடுங்கிவிடலாமா என்று இருந்தது எனக்கு. அவன் போனதும் பிடித்துக்கொண்டேன். "முடியாதுன்னு ஒரு வார்த்தை சொன்னா உன் வாய்ல முத்தா உதிர்ந்துடும்?"

"வெல்ஷ் இருக்குல்ல, கண்ணு. அது ஒண்ணு முழுசா என்னுது. அது போதும் எனக்கு."

அப்படியே நடந்தது. இட்வால் வெல்ஷில் நடித்துவிட்டு, மீனவன் கோட்டையும் தொப்பியையும் கழற்றிக் கொடுப்பார். சூடு ஆறுவதற்குள் கார்ஸ்டெர்ஸ் மாட்டிக்கொள்வார். இவர் நடிக்கும்போது அந்த மனிதர் கேமராவுக்குப் பின்னால் உட்கார்ந்து கண் கொட்டாமல் பார்ப்பார். செத்த மகனின் நாற்காலியைத் தொடப் போய், தொடாமல் கையை இழுத்துக்கொண்டார் இட்வால். அடுத்த பத்தாவது நிமிடம் அதே இழுப்பு ஆங்கிலத்தில் வந்தது.

"திருடுறான்யா அவன்!" என்றேன்.

"பாக்குறான். நானும் பாத்துதான் கத்துக்கிட்டேன்."

கடைசிக் காட்சியை லான்ஸ்டெஃபான் கடற்கரையில் எடுத்தார்கள். நான் பிறந்து வளர்ந்த கரை என்பதால் நானும் போயிருந்தேன். கடல் உள்வாங்கி மணல் வெளியே தெரியும் வேளையில் அப்பன் ஈரமணலில் நடந்து போய், கேமராவுக்கு முதுகைக் காட்டி நின்று, மகன் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். தொடர் முழுவதும் அதற்காகத்தான் காத்திருக்கிறது.

வழக்கப்படி வெல்ஷ்தான் முதலில். ஆனால் அன்று கார்ஸ்டெர்ஸுக்கு விமானத்தைப் பிடிக்க வேண்டியிருந்தது. கெத்தின் தலையைச் சொறிந்துகொண்டு வந்தான், பின்னாலேயே அவரும் வந்தார். எங்களில் பத்துப் பேர் பேசிக்கொண்டிருக்கும் இடத்துக்கு ஒரே ஒரு ஆங்கிலேயன் வந்தால் போதும், பத்துப் பேரும் அவன் மொழிக்கு மாறிவிடுவோம். அதை நாங்கள் மரியாதை என்று சொல்லிக்கொள்கிறோம். கெத்தினும் ஆங்கிலத்தில்தான் கேட்டான்.

"இன்னிக்கு ஒரு நாள் ஜூலியன் முதல்ல பண்ணிடட்டுமா? தண்ணி ஏற நேரம் இருக்கு."

"நேரமா? இந்தத் தண்ணிய எனக்குத் தெரியும்," என்று நான் வெல்ஷில் இட்வாலின் காதில் சொன்னேன். "முடியாதுன்னு சொல்லு. இந்த ஒரு தடவை சொல்லு."

கார்ஸ்டெர்ஸ் சங்கடமாகச் சிரித்துக்கொண்டு நின்றார். அந்தச் சிரிப்புக்கு எதிரே, அந்த மொழியில், என் வீட்டுக்காரர் வாயிலிருந்து வேறென்ன வரும்?

"தாராளமா பண்ணட்டும்," என்றார்.

முதல் தடவை கேமராவில் ஏதோ கோளாறு. இரண்டாம் தடவை சரியாக வந்தது. இட்வால் கோட்டை வாங்கி மாட்டுவதற்குள் மணல் தண்ணீருக்கு அடியில் போய்விட்டது. இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். அந்த இன்னொரு நாள் வரவே இல்லை. கார்ஸ்டெர்ஸ் நடித்ததையே வெல்ஷிலும் போட்டுக்கொண்டு, கார்டிஃபில் ஒரு அறையில் இட்வாலை உட்கார வைத்து, மகன் பெயரை மட்டும் இவர் குரலில் பதிவு செய்துகொண்டார்கள். "ஒரே கோட்டு, ஒரே உயரம். முதுகுக்கு ஏது மொழி?" என்றானாம் கெத்தின். குட்டக் குட்டக் குனிகிறவனை வேறென்ன செய்வார்கள்?

வெல்ஷ் தொடரின் கடைசிப் பகுதியை எங்கள் தேவாலயக் கூடத்தில் திரை கட்டி ஊரே சேர்ந்து பார்த்தது. முடிவில் அந்த முதுகு வந்தது. நடந்து போய் நின்றது. என் இட்வாலின் குரல் கூப்பிட்டது. அதன் பிறகு தோள் மட்டும் மெல்ல ஒரு பக்கம் இறங்கியது. கூடத்தில் மூக்கு உறிஞ்சும் சத்தம். டில்வின் எழுந்து நின்று கைதட்டினான், கண்ணைத் துடைக்கக்கூட மறந்துபோனான்.

ஆர்கன் வாசிக்கும் மோர்ஃபித் ஓடி வந்து இவர் கையைப் பிடித்துக்கொண்டாள். யாரையும் லேசில் பாராட்டாத வாய் அது. "மத்ததெல்லாம் சுமார்தான், உள்ளதைச் சொல்றேன். ஆனா அந்தக் கடைசி இருக்கே! மூஞ்சியக் காட்டாமலே அழ வச்சிட்டியே, பாவி!"

என் வாய் திறந்துவிட்டது. இட்வால் என் முழங்கையை இறுக்கிப் பிடித்தார்.

"ரொம்ப நன்றி, மோர்ஃபித்," என்றார்.

வருகிறவர்கள் எல்லாருக்கும் அதையே சொன்னார். தெருவுக்கு வந்ததும் நான் வெடித்தேன்.

"அது உன் முதுகு இல்லன்னு ஏன் சொல்லல? அந்த ஆளு உன்கிட்ட திருடினதுக்கு நீ நன்றி சொல்லிட்டு வர்றியா?"

அவர் நடப்பதை நிறுத்தினார்.

"நானா இருந்தா மணல்ல விழுந்து கத்தியிருப்பேன், எலுனெட். ஒத்திகையில அப்படித்தான் பண்ணேன். நல்லா இருக்குன்னுதான் நெனச்சேன்." மறுபடி நடக்க ஆரம்பித்தார். "அந்தத் தோளு இறங்குச்சே, அது மட்டும் அவன் என்னைப் பாத்துப் பண்ணது இல்ல."

கார்ஸ்டெர்ஸைத் திட்ட நான் சேர்த்து வைத்திருந்த அத்தனை வார்த்தையும் வீணாய்ப் போனது. அத்தனை பேருக்கு வாய் கூசாமல் பொய் சொன்ன மனிதர், எனக்கும் ஒன்று சொல்லியிருக்கலாம்.