காஸ்பரே கோத்த பதினான்கு வரிகள்

வேலைநிறுத்தம் வேண்டுமா வேண்டாமா என்று டிசம்பரில் அச்சுத் தொழிலாளர் சங்கம் கேட்டபோது, மண்டபத்திலேயே உரக்க 'வேண்டும்' என்று கத்தியவர் காஸ்பரே லொமோந்தே. இதை அவரே பெருமையாகச் சொல்வார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அன்னைக்கு மட்டும் எனக்குத் தொண்டை கட்டியிருக்கக் கூடாதா" என்றும் சொல்வார்.

ஐம்பத்து மூன்று வயது. ப்ரூக்ளினில் வாடகை வீடு. நியூயார்க்கின் மாலைப் பத்திரிகை ஒன்றில் இருபத்திரண்டு வருடமாக ஈயத்தை உருக்கி வரி வரியாக எழுத்து வார்க்கும் லைனோடைப் எந்திரத்தின் முன் உட்கார்ந்து அச்சுக் கோக்கிற வேலை. கிறிஸ்துமஸுக்குள் முதலாளிகள் வழிக்கு வந்துவிடுவார்கள் என்று மனைவி அசுந்தாவுக்கு உறுதி கொடுத்திருந்தார். கிறிஸ்துமஸ் வந்தது, போனது. முதலாளிகள் ஃப்ளோரிடாவுக்குப் போய் வெயில் காய்ந்தார்கள். காஸ்பரே அலுவலக வாசலில் கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு, தகர டிரம்மில் பழைய பலகைகளை எரித்துக் குளிர் காய்ந்தார். ஊரில் ஒரு பத்திரிகை கிடையாது. சுரங்க ரயிலில் ஜனங்கள் இருமல் மிட்டாய் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் படித்தார்கள்.

வீட்டில் தினமும் பீன்ஸும் கசப்புக் கீரையும். அதுகூடப் பரவாயில்லை. அவருக்குக் கவலையெல்லாம் மகள் நெல்லாவின் கல்யாணம்.

நெல்லா பள்ளி ஆசிரியை. பிப்ரவரியில் கல்யாணம். கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்றுதான்.

"அப்பா, எனக்குப் பரிசுன்னு எதுவும் வாங்காதீங்க. என் கல்யாணச் செய்தி பேப்பர்ல வரும்ல, அத நீங்க கோக்கணும். உங்க கையால. வெட்டி ஒட்டி வச்சுக்குவேன்."

"இவ்வளவுதானா? அது என் பேப்பர்மா" என்றார் காஸ்பரே. மாப்பிள்ளை வீட்டார் முன்னாலேயே சொன்னார். பத்திரிகையே அவர் அப்பா வைத்துவிட்டுப் போன சொத்து என்பது போல நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்.

நெல்லாவுக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. அசுந்தாவுக்கும் தெரியாது. காஸ்பரே இருபத்திரண்டு வருடமாகக் கோத்ததில் ஒரு வரிகூடப் பத்திரிகையில் வந்ததில்லை.

பெரிய கடைகளின் விளம்பரங்கள் வெளியிலிருந்து அச்சுக்குத் தயாராகவே வந்துவிடும். அப்படியே போட்டு அடிக்க வேண்டியதுதான். ஆனால் ஆட்களின் வேலை பறிபோகக் கூடாது என்று சங்கம் எப்போதோ ஒரு விதியை ஒப்பந்தத்தில் ஏற்றியிருந்தது. வெளியிலிருந்து வந்த ஒவ்வொரு விளம்பரத்தையும் நம் ஆள் ஒருவர் மறுபடி முதலிலிருந்து கோக்க வேண்டும். புரூப் என்கிற சோதனைத் தாள் எடுத்து, பிழை பார்த்து, திருத்தி, அதற்குப் பிறகு ஈயத்தை அப்படியே கொப்பரையில் போட்டு உருக்கிவிட வேண்டும். தொழிலாளிகள் இதற்கு வைத்த பெயர் பொய் வேலை. வாய் நீளமானவர்களை ஃபோர்மேன் அதில் உட்கார வைப்பது வழக்கம். காஸ்பரே முதல் வாரத்திலேயே அதில் உட்கார்ந்தார், எழுந்திருக்கவே இல்லை. கேட்டால், "இதுக்குத்தான் கை சுத்தமான ஆள் வேணும்" என்பார்.

சின்ன வயதில் நெல்லா தினமும் பத்திரிகையை அவர் மடியில் விரித்து, "இன்னைக்கு நீங்க கோத்தது எதுப்பா?" என்று கேட்பாள். என்ன சொல்வது? கண்ணை மூடிக்கொண்டு எதையாவது காட்டுவார். மெத்தை விளம்பரம். பன்றித் தொடை விளம்பரம். ஆம்பளைத் தொப்பி. அவள் ஒழுங்காக வெட்டி ஒரு நீல நோட்டில் ஒட்டிவைத்தாள். அந்த நோட்டு இன்னும் அலமாரியில் இருக்கிறது. அதைப் பார்க்கும் போதெல்லாம் அவருக்கு அடுத்தவன் வீட்டுச் சாமானைத் தூக்கி வந்து வைத்திருப்பது போல இருக்கும். அதனால்தான் இந்தக் கல்யாணச் செய்தி அவருக்கு உயிராக இருந்தது. ஒரே ஒரு தடவையாவது மகள் வெட்டுவது நிஜமாக அவர் கோத்ததாக இருக்க வேண்டும்.

கல்யாணம் நடந்தது. பத்திரிகை இல்லை. பத்திரிகையில் கல்யாணச் செய்திக்குக் கல்யாண நாளிலிருந்து ஏழு வாரம்தான் கெடு, அதற்கு மேல் பழைய கதை என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். ஐந்தாவது வாரம் முதலாளிகளோடு ஒரு சமரசம் சங்கத்தில் ஓட்டுக்கு வந்தது. காஸ்பரே முந்தின நாளே கோட்டைத் தேய்த்து வைத்தார். ஆமாம் என்று ஓட்டுப் போட வேண்டும், திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டும், நெல்லா செய்தியைக் கோக்க வேண்டும். அவ்வளவுதான் திட்டம். வாயைத் திறப்பது திட்டத்திலேயே இல்லை.

மண்டபத்தில் மூவாயிரம் பேர். இளவட்டம் ஒருவன் எழுந்து, "பொய் வேலைய விட்டுக்குடுத்துட்டுக் கூடுதல் லீவு கேப்போம். உருக்கிப் போடுறதுக்குக் கோக்குறதுல என்னய்யா மானம் இருக்கு" என்றான்.

காஸ்பரேவுக்கு நாக்கில் சனி உட்கார்ந்தது. நாற்காலி மேல் ஏறிவிட்டார்.

"தம்பி, நான் இருபத்திரண்டு வருஷமா அதத்தான் செய்யுறேன். ஒரு எழுத்துப் பிழை காட்டு பாப்போம். யாரும் படிக்க மாட்டாங்கன்னு தெரிஞ்சும் சுத்தமாக் கோக்குறேன் பாரு, அதுதான்டா மானம். இன்னைக்கு இத விடு, நாளைக்கு எந்திரமே வேணாம்பான், அப்புறம் நீயே வேணாம்பான். விடாதீங்க. ஒரு வரிகூட விடாதீங்க."

கூரை பிய்த்துக்கொள்கிற மாதிரி கைதட்டினார்கள். காஸ்பரே தலைகால் புரியாமல் கையசைத்தார். உட்கார்ந்த பிறகுதான் நெல்லா ஞாபகம் வந்தது. ஓட்டுச் சீட்டு ரகசியம் என்பதால் மறைப்புக்குள் போய்ச் சமர்த்தாக ஆமாம் என்று போட்டுவிட்டு வந்தார். ஆனால் சமரசம் அறுபத்தோரு ஓட்டில் தோற்றது. அந்த அறுபத்தொன்றையும் கவிழ்த்தது தன் வாய்தான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. ஆட்கள் அவரைத் தோளில் தூக்கினார்கள். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டு, தோள் மேல் உட்கார்ந்து சிரித்த ஆள் அந்த ஊரில் அவர் ஒருவர்தான்.

வீட்டில் அசுந்தா கேட்டாள். "என்ன ஆச்சு?"

"தோத்துப்போச்சு. எவனோ ஒரு கிறுக்கன் பேசிக் கெடுத்துட்டான்."

"யாரு அவன்?"

"மேடையில இருந்து தூரம். முகம் தெரியல."

இரண்டு வாரம் கழித்து, நூற்றுப் பத்து நாளுக்கு மேல் ஓடி, வேலைநிறுத்தம் முடிந்தது. பொய் வேலை அப்படியே இருந்தது. முதல் பத்திரிகை வெள்ளிக்கிழமை. நெல்லாவின் ஏழு வாரக் கெடுவும் அதே வெள்ளிக்கிழமை. இருந்தது அந்த ஒரு நாள்தான்.

காலையில் காஸ்பரே எந்திரத்தைக் கண்டதும் அதன் பக்கவாட்டைத் தட்டிக் கொடுத்தார். கண் கலங்கியது, வெட்கமாகவும் இருந்தது. சங்கக் கிளைத் தலைவர் மல்காஹி ஒரு கட்டுத் தாளோடு வந்தார்.

"பேச்சாளரே, டிசம்பர்ல நின்ன பொய் வேலை. நாப்பத்தேழு விளம்பரம். ஒரு வரிகூட விடக் கூடாதுன்னீங்களே, விட்டுறாதீங்க."

"தலைவரே, முதல்ல என் பொண்ணு செய்தி. பதினாலே வரி. கால்ல விழட்டுமா?"

"கால்ல எல்லாம் விழாதய்யா, பாலிஷ் போட்டிருக்கேன். கோத்துக்க."

கோத்தார். இருபத்திரண்டு வருடத்தில் அப்படி மெதுவாக அவர் கோத்ததே கிடையாது. மகளின் முழுப் பெயர், அவள் படித்த கல்லூரி, மாப்பிள்ளை, தேவாலயம், கடைசியில் 'அச்சுத் தொழிலாளி காஸ்பரே லொமோந்தே, அசுந்தா தம்பதியின் மகள்' என்று ஒரு வரி. பதினான்கு வரியும் சுடச்சுட வந்து விழுந்தன. விரல் சுடுவதைப் பொருட்படுத்தாமல் தடவிப் பார்த்தார். நூல் போட்டுக் கட்டினார். எடுத்துக்கொண்டு போய், கோத்த ஈயத்தை வைக்கும் அலமாரியில் வைத்தார். மனது நிறைந்துவிட்டது. பிறகு அந்த நாற்பத்தேழையும் விசிலடித்துக்கொண்டே கோத்தார்.

இரண்டு மணிக்குக் கீழே அச்சடித்த முதல் பிரதி மேலே வந்தது. பதினெட்டாம் பக்கத்தைத் திறந்தார். கல்யாணங்கள் இருந்தன. நெல்லா இல்லை. அவள் இருக்க வேண்டிய இடத்தில், சுண்டெலிகளுக்குப் பாலாடைக்கட்டியை விடப் பருப்பு பிடிக்கும் என்று ஒரு துணுக்கு இருந்தது.

ஈய வரிகளை அடுக்கிப் பக்கம் கட்டுகிறவனிடம் ஓடினார்.

"காத்திருந்தேன் காஸ்பரே. வரல. எலியப் போட்டு அடைச்சேன்."

அப்போதுதான் அவருக்கு விளங்கியது. அலமாரியில் வலது தட்டு பத்திரிகைக்குப் போவது. இடது தட்டு பொய் வேலை, கொப்பரைக்குப் போவது. இருபத்திரண்டு வருடமாக அவர் கை போனது இடது தட்டுக்கு. இன்றைக்கும் தானாகப் போயிருக்கிறது. கொப்பரையை எட்டிப் பார்த்தார். ஈயம் பளபளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. அதில் நெல்லா எது, மெத்தை எது என்று யார் சொல்ல முடியும்?

பிழை பார்க்கும் ஸெலிக்மேன் மேசையில் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார்.

"நீ பாத்தியா? என் பொண்ணு பேரு இருந்துச்சே."

"பாத்தேனே. நல்ல கல்யாணம், இதப் போயி உருக்குறாங்களேன்னு நெனச்சேன்."

"நெனச்சா சொல்ல வேண்டியதுதானே?"

"பொய் வேலையில ஏன் எதுக்குன்னு யாராச்சும் கேட்டிருக்கோமா? பிழை ஒண்ணும் இல்ல. கமாகூட ஒழுங்காப் போட்டுருக்க." அவர் ஆணியில் குத்தியிருந்த தாள்களில் ஒன்றை உருவிக் கொடுத்தார். நெல்லாவின் செய்தி. ஒரே ஒரு புரூப். குறுக்கே சிவப்பு முத்திரை: 'உருக்கிவிடவும்'.

வழி முழுக்க ரயிலில் காஸ்பரே ஒத்திகை பார்த்தார். ஃபோர்மேன் மேல் போடலாம். பக்கம் கட்டுகிறவன் மேல் போடலாம். முதலாளி பழிவாங்கிவிட்டான் என்றே சொல்லலாம், நம்புவார்கள். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு பொய் தயாராக இருந்தது. எல்லாமே நன்றாக இருந்தன, அதுதான் அவருக்கு அருவருப்பாக இருந்தது.

வீட்டில் நெல்லா வந்து காத்திருந்தாள். மேசையில் கத்தரிக்கோல், பசை, அந்த நீல நோட்டு. அசுந்தா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"எந்தப் பக்கம்பா?" என்றாள் நெல்லா.

காஸ்பரே கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

"எந்தப் பக்கத்துலயும் இல்லம்மா. இடது தட்டுல வச்சுட்டேன். உருக்கிட்டாங்க." பொய் வேலை என்றால் என்ன என்று சொன்னார். இருபத்திரண்டு வருடத்தையும் சொன்னார். "அந்த மெத்த நான் கோத்தது இல்ல. பன்றித் தொடையும் இல்ல. நீ கேப்ப, எனக்கு வெக்கமா இருக்கும், எதையாச்சும் காட்டுவேன். அன்னைக்குக் கூட்டத்துல பேசிக் கெடுத்த கிறுக்கனும் நான்தான்."

"அது எனக்கு மறுநாளே தெரியும்" என்றாள் அசுந்தா. "தெருவே சொல்லுச்சு."

நெல்லா நோட்டைத் திறந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். அவள் முகம் சிவந்துபோயிருந்தது.

"இந்தத் தொப்பி?"

"இல்லம்மா."

"ஒண்ணுமேவா இல்ல?"

"ஒண்ணுமே இல்ல." கோட்டுப் பையிலிருந்து புரூப்பை எடுத்து மேசையில் வைத்தார். "இது மட்டும் நான்."

அவள் பதினான்கு வரியையும் படித்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள். அசுந்தாவும் எட்டிப் பார்த்து, 'அசுந்தா' என்று தன் பெயர் அச்சில் இருந்த இடத்தை விரலால் தொட்டாள். பிறகு சிவப்பு முத்திரையைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

"கல்யாணச் செய்தியில உருக்கிவிடவும்னா? குடு இங்க, அத வெட்டிட்டு ஒட்டலாம்."

அவள் கத்தரிக்கோலை எடுப்பதற்குள் நெல்லா தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"வெட்டாதம்மா. அது இருந்தாத்தான் அப்பா கோத்ததுன்னு தெரியும்."

மூவாயிரம் பேர் முன்னால் நாற்காலி மேல் ஏறிப் பேசிய மனிதர், தன் நாற்காலியை மகள் பக்கம் இழுத்துப் போட்டார். பசைப் புட்டியின் மூடியைத் திறந்து மகள் பக்கம் நகர்த்தி வைத்தார்.