சிரி மார்கிட்

தம்பியின் பழைய இசைக்குழுக் கூட்டாளி ஹோக்கானின் தோல் ஜாக்கெட்டிலிருந்து டிரம் குச்சிகள் இரண்டையும் உருவி மார்கிட் தன் கைப்பைக்குள் திணித்தாள். கைப்பை மூட மறுத்தது. தம்பி உல்ஃபின் அடக்கத்துக்கு வந்தவர்கள் தேவாலய வாசலில் நின்று பார்க்காததுபோல் பார்த்தார்கள். அந்த இரும்பாலை ஊரில் எல்லாருக்கும் அதில் நல்ல பயிற்சி.

“கொடு மார்கிட். சும்மா ராசிக்குத்தான் வச்சிருந்தேன்.”

“உன் ராசி எனக்குத் தெரியும்டா. பாட்டு கிடையாதுன்னா கிடையாது. இறால் போட்ட சாண்ட்விச் கேக் சொல்லியிருக்கேன். தின்னுட்டு, காபியக் குடிச்சிட்டு நடையக் கட்டு. ஆமா, அடக்கத்துல வெள்ளை டை நெருங்கின சொந்தக்காரங்க கட்றதுதானே? நீ எதுக்குக் கட்டியிருக்க?”

“அப்ப நான் யாரு?” என்றான் ஹோக்கான். அறுபது வயது ஆளுக்கு உதடு துடித்தது.

மார்கிட் மூடாத கைப்பையை இடுக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

உல்ஃப் போய்ச் சேர்ந்தது அடுக்ககத்தின் பொதுச் சலவை அறையில். அவன் முறை முடிந்தும் கதவு திறக்கவில்லையே என்று அடுத்த முறைக்காரர் இடித்துக்கொண்டே இருந்தாராம். கடைசியிலும் ஒருத்தரை எரிச்சல்படுத்திவிட்டுத்தான் போனான்.

மார்கிட்டுக்குப் பத்தொன்பது வயதில், அவள் கல்லாவில் வேலை பார்த்த கடையின் மேலாளர் யால்மர், வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் முன்னால் அவள் கன்னத்தைக் கிள்ளி, “சிரி மார்கிட், சிரிச்சாத்தான் சம்பளம்” என்றார். வீட்டுக்கு வந்து அழுதாள். மறுநாளே உல்ஃபும் ஹோக்கானும் கார் கொட்டகையில் ஒன்றரை நிமிடப் பாட்டு ஒன்றைக் கட்டினார்கள். யால்மரின் குரலிலேயே உல்ஃப் கத்தினான்: சிரி மார்கிட், சிரி! அக்கம்பக்கத்துப் பங்க் இசைக்குழுக்கள் ஆங்கிலத்தில் கத்தின. ஒருத்தருக்கும் புரியாது, நிம்மதி. இந்த மகான் மட்டும் ஸ்வீடிஷில் கத்தினான். ஊருக்கே புரிந்தது, தப்பாக. அதன்பிறகு நாற்பது வருஷத்துக்கு மேல், கல்லாவில் பால் வைத்தவன், ரொட்டி வைத்தவன் எல்லாம் “சிரி மார்கிட்!” என்றான். அவள் சிரித்ததே இல்லை.

“வேற பேரு கிடைக்கலியாடா?” என்று ஒருமுறை உல்ஃபிடம் கேட்டாள்.

“உனக்காகத்தானக்கா கத்தினேன். ஊர்க்காரனுக்குக் காது இல்லைன்னா நான் என்ன பண்ண?”

போதகர் ஜெபித்து முடித்தார். ஆளுக்கொரு ரோஜாவுடன் சவப்பெட்டியைச் சுற்றி வந்தார்கள். மேல்மாடத்தில் ஆர்கன் மெல்லத் தொடங்கியது. மார்கிட் தன் ரோஜாவைப் பெட்டிமேல் வைத்தபோது மெட்டு பிடிபட்டது.

அதே பாட்டுதான். ஆனால் தொட்டிலை ஆட்டுவதுபோல. ஆர்கன் வாசிக்கும் அனெலி நல்ல மனசுக்காரி. குடும்பத்துக்கு ஒரு இன்ப அதிர்ச்சி கொடுக்க நினைத்திருக்கிறாள். கல்லாவில் கேலி செய்தவர்கள் கண்ணைத் துடைத்தார்கள். முன்வரிசையில், நடைவண்டியைப் பிடித்தபடி கிழட்டு யால்மர் தலையை ஆட்டி ரசித்தார்.

“நிறுத்துங்க!”

ஆர்கன் திக்கி நின்றது. மாடத்திலிருந்து அனெலி எட்டிப் பார்த்தாள். “மன்னிச்சிருங்க... எவ்வளவு அன்பான பாட்டு, அதான்...”

“அன்பா? கோவத்துல போட்ட பாட்டும்மா அது! என்னைச் சிரிக்கச் சொன்ன ஆளைத் திட்டுற பாட்டு. அந்த ஆளு இதோ உக்காந்து தாளம் போடுறாரு. அதுக்குத் தோதா நீங்களும் தாலாட்டு வாசிக்கிறீங்க!”

யால்மரின் தலையாட்டல் நின்றுவிட்டது. தேவாலயத்துக்குள் யாரும் அவ்வளவு சத்தம் போட்டதில்லை. எந்தப் பக்கம் பார்ப்பது என்று ஊருக்கே தெரியவில்லை.

மார்கிட் கைப்பையிலிருந்து குச்சிகளை உருவி ஹோக்கானிடம் நீட்டினாள்.

“எவ்வளவு வேகம்னு அந்தம்மாவுக்குக் காட்டு.”

“எதுல அடிக்க?”

“ஏதாச்சும் ஒண்ணுல அடிடா. சொந்தக்காரன்தானே நீ?”

ஹோக்கான் மண்டியிட்டு முன்வரிசைப் பெஞ்சில் அடித்தான். ஒண்ணு ரெண்டு மூணு நாலு. ஆர்கன் தடுக்கி விழுந்து, எழுந்து, துரத்திப் பிடித்தது. பெஞ்சு அதிர்ந்தது, யால்மரின் நடைவண்டி அதிர்ந்தது, சவப்பெட்டி அதிர்ந்தது. மேலேயிருந்த ரோஜாக்கள் ஒவ்வொன்றாக நழுவத் தொடங்கின.

மார்கிட்டின் ரோஜாவும் விளிம்புக்கு வந்தது. பாட்டு முடியும்வரை அதை உள்ளங்கையால் பெட்டியோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள்.